திருத்திய மெய்ப்பு

திருத்திய மெய்ப்பு என்பது, அச்சுக் கோத்து எடுத்த பக்கங்களில் ஆசிரியரோ பதிப்பாளரோ கைப்படத் திருத்தம் குறித்த தாள். கையெழுத்துப்படி, தட்டச்சுப்படி, மெய்ப்பு என்னும் வரிசையில் அச்சுநூலுக்கு முந்தைய நிலை இது. இவ்வகை எழுத்தாளர் ஆவணங்களைக் காக்கும் கனடிய நிலையங்களுள் ஒன்று, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1973இல் திறக்கப்பட்ட தாமஸ் ஃபிஷர் அரிய நூல் நூலகம். மார்கரெட் அட்வுட், லெனார்ட் கோஹன், க்வென்டலின் மெக்யூவன் ஆகியோரின் தாள்கள் அங்குள்ளன. 1985இல் வெளியான அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் கையெழுத்து வரைவுகளும் அவற்றுள் அடங்கும்.

அச்சான நூலே ஆசிரியரின் முடிவு, அவர் கழித்த வரைவுகளைக் காப்பது வீண் என்பர் சிலர். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் தாள்கள் இதை மறுக்கின்றன. 1827 வரை பெயர் மறைத்து நாவல்கள் வெளியிட்ட அவர், தம் கையெழுத்து அடையாளம் காட்டாதிருக்க, பிறர் பெயர்த்தெழுதிய படியையே அச்சுக்கோப்பவர்களிடம் போகச் செய்தார். பெயர்த்தெழுதியவர், கோத்தவர், அச்சகத்தார் ஜேம்ஸ் பாலன்டைன் எனப் பலர் கைபட்டதில் சொற்கள் மாறின. 1993 முதல் 2012 வரை 30 தொகுதிகளாக வந்த அவருடைய நாவல்களின் எடின்பரோ பதிப்பு, கையெழுத்துப்படிகளையும் மெய்ப்புகளையும் ஒப்பிட்டே அப்பிழைகளைக் களைந்தது. ஆகவே அச்சு வடிவம் முழுவதும் ஆசிரியரின் முடிவாகிவிடாது. எந்த மாற்றம் யாருடையது என்பதற்கு மெய்ப்பே நேர்ச்சான்று. அத்தாள்களை மின்படி எடுத்து வைத்தால் போதும் என்பதும் முழு விடையன்று. மையின் வேறுபாடு, தாளின் நீர்க்குறி, ஒட்டுத்தாளின் அடியில் மறைந்த வரி ஆகியவற்றுக்கு மூலத்தாளே வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட உ.வே.சாமிநாதையரின் பதிப்புநெறியும், மூலப்படிகளை நேரில் ஒப்பிடும் இந்த அடிப்படையில் நிற்பதே.