தூரிகை தொட்ட தேவியர் – 9: முகம் காட்டாத வீனஸ்

ஸ்பெயினில் அன்று ஆடையில்லாப் பெண்ணை வரைவது விளையாட்டுக் காரியமல்ல. ஆபாசமாக வரைகிறவனுக்குத் திருச்சபை விலக்கு, அபராதம், ஓராண்டு நாடு கடத்தல் என்று 1640-லேயே மத விசாரணை மன்றம் விதித்திருந்தது. அந்தக் காலத்தில்தான் நான்காம் ஃபிலிப் மன்னரின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கெஸ், காதல் தேவதை வீனஸை வரைந்தார். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை!

மன்னரின் தயவு ஒரு கவசம். தேவியின் பெயர் இன்னொன்று. ஆனால் படத்தில் தேவி எங்கே?

சாம்பல் நிறப் பட்டு விரிப்பில், நமக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறாள் ஒருத்தி. ரோஜா இல்லை, நகை இல்லை. அவளை வீனஸ் என்று சொல்ல ஒரே சாட்சி, எதிரே கண்ணாடி பிடித்து மண்டியிட்டிருக்கும் சிறுவன் க்யூபிட். அவன் சிறகுகளைக் கையால் மறைத்துப் பாருங்கள். தேவி போய்விடுவாள், ஒரு சாதாரணப் பெண்தான் மிச்சம்.

கண்ணாடியில் தெரியும் முகமும் வேண்டுமென்றே கலைத்துவிட்டது போல மங்கல். ஒன்று கவனித்தீர்களா? கண்ணாடியில் அவள் முகம் நமக்குத் தெரிகிறது என்றால், அவள் அதில் பார்ப்பது தன்னையல்ல, நம்மை!

1651-ல் மாட்ரிட்டில் ஒரு சொத்துப் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஓவியம், பிரபுக்களின் வீடு வீடாகக் கைமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராக்பி மாளிகைக்கு வந்தது. 1906-ல் 45,000 பவுண்டு கொடுத்து லண்டன் நேஷனல் கேலரிக்கு வாங்கினார்கள். விசாரணை மன்றத்துக்கே தப்பியவளுக்கு இனி என்ன ஆபத்து?

1914 மார்ச் 10. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் முந்தைய நாள்தான் கைதாகியிருந்தார். கேலரிக்குள் கையில் ஓவியம் வரையும் புத்தகத்துடன், அதே போராட்டத்தைச் சேர்ந்த மேரி ரிச்சர்ட்சன் நுழைந்தார். கோட்டுக் கைக்குள் ஊக்குகளைக் கோத்து மாட்டிய ஒரு வெட்டுக்கத்தி.

வீனஸுக்கு எதிரே, சிவப்பு மெத்தை இருக்கையில் இரண்டு துப்பறிவாளர்கள். ஒருவர் எழுந்து போனார். மற்றவர் பத்திரிகையை விரித்தார். அது முகத்தை மறைத்த கணத்தில் மேரி பாய்ந்தார்.

முதல் வெட்டில் உடைந்தது படத்தின் மேலிருந்த கண்ணாடி மட்டும். சத்தம் கேட்டுத் துப்பறிவாளர் எழுந்தார். ஆனால் அவர் அண்ணாந்து பார்த்தது, பழுது பார்த்துக்கொண்டிருந்த கூரைக் கண்ணாடியை! இதைப் பின்னாளில் மேரியே எழுதினார்.

கத்தி மறுபடி உயர்ந்தது. இத்தனை ஓவியங்கள் இருக்க, ஒரு பெண் ஏன் இந்தப் பெண்ணைத் தேடி வந்தாள்?

(தொடரும்)