மிரட்டல் என்னும் சொல்

பிறர்பால் அச்சம் விளைக்கும் செயலைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. அச்சுறுத்தல், வெருட்டல், மிரட்டல் என்பன அவற்றுட் சில. மிரள் என்னும் தன்வினையினின்று மிரட்டு என்னும் பிறவினையும், வெருள் என்பதினின்று வெருட்டு என்பதும் பிறந்தன. அச்சுறுத்தல் என்பதும் அச்சம் உறச் செய்தலேயாம். ஆகலின், மிரள்வார் ஒருவர் இருந்தாலன்றி மிரட்டு என்னும் வினை நிரம்பாது. 'உருட்டி மிரட்டினான்' என்பது உலக வழக்கு. அங்கே உருள்வது மிரட்டுவானுடைய கண் மட்டுமே!

அச்சம் பிறக்கும் நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காம் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அரசனைக் கள்வரோடு ஒருங்கு எண்ணியமை கருதத்தக்கது. திருவள்ளுவரும் கொடுங்கோன்மையை அடுத்து, வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரத்தை ஆள்வோர்க்கென்றே வைத்தார்.

இச்சொற்களின் பொருளை 1930ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவினர் நேரிற் சோதித்துக் கண்டனர். ஏப்ரல் 13ஆம் நாள், இராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகப் படை திருச்சியினின்று வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டது. அப்படையினர்க்கு உணவும் உறையுளும் தருவார் தண்டிக்கப்படுவர் எனக் கலெக்டர் தார்ன் அறிக்கை விடுத்தார். ஆறு மாதம் வரை சிறை என்றது சட்டம். ஊரார் செய்தது யாது? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். உண்டவர் உண்டனர்; இட்டவர் இன்னாரென எந்த மரம் சாட்சி கூறும்? 28ஆம் நாள் படை வேதாரண்யம் புகுந்தது. 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது.

நம் மரபினர் தம் பிள்ளைகட்குச் சொல்லிவைக்க வேண்டிய செய்தி இனி வருவது. அரசாங்கத்தார்க்கு ஊழியம் புரிவதில்லை என அந்நாளில் நம்மவர் உறுதி பூண்டிருந்தனர். வேதாரண்யத்து வைரப்பன், ஒருவர்க்குச் சவரம் செய்துகொண்டிருக்கையில் அவர் போலீஸ்காரர் என அறிந்து, பாதியிற் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு நடந்தது. எஞ்சிய பாதியை மழித்துவிட்டால் விடுதலை என நீதிபதி கூறியும் அவர் உடன்பட்டிலர். வேண்டுமாயின் தாங்களே மழிக்கலாம் எனக் கத்திப் பெட்டியை நீட்டினார் என்பர். சிறை புகுந்தார். கூலிக்குக் கத்தி பிடிப்பவன் என்று நம்மை எண்ணியோர்க்கு, அக்கத்தியைக் கீழே வைக்கவும் நமக்கு உரிமை உண்டென்பது அன்றுதான் தெரிந்தது போலும்.

பிறவினை கற்பிக்கும்பொழுது வகுப்பில் யாம் இச்செய்தியை எடுத்துக்காட்டுவதுண்டு. ஒருமுறை ஒரு மாணாக்கன், "ஐயா, மிரளாதவரை மிரட்டினார் என்று எழுதலாமா?" என வினவினான். 'மிரட்டப் பார்த்தார்' என்று எழுதுக என்றோம்.