ஜூலை 15 கெடு: கொரேமே கிராமமும் இரண்டு ஆணைகளும்

1987 ஜூன் 20 அன்று, சதாம் உசேன் ஆட்சியில் வடக்கு ஈராக்கின் பொறுப்பிலிருந்த அலி ஹசன் அல்-மஜீத் பிறப்பித்த 4008ஆம் எண் ஆணையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் ஐந்தாம் பிரிவிலேயே நின்றுவிடுகிறார்கள். தடைசெய்யப்பட்ட கிராமங்களில் பிடிபடும் 15 முதல் 70 வயது வரையிலானோரை விசாரித்து, பயனுள்ள தகவலைப் பெற்றபின் கொன்றுவிட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இதை மையமாகக் கொள்ளும் வாசிப்பில் குர்திய வேளாண் கிராமம் பெஷ்மெர்கா எனப்படும் குர்தியப் போராளிகளின் மறைவிடம் மட்டுமே. பயிரும் ஆடுமாடும் போரின் போக்கில் அழிந்தவை.

இந்த வாசிப்பு பிழை என்று சொல்ல மாட்டேன். அது இரண்டாவது ஆணையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். 17 நாட்களுக்கு முன், ஜூன் 3 அன்று, அதே கையொப்பத்துடன் 28/3650 எண்ணிட்ட ஆணை வெளிவந்திருந்தது. தடைசெய்யப்பட்ட கிராமங்களுக்கு உணவுப்பொருளோ ஆளோ இயந்திரமோ போகக் கூடாது என்கிறது அது. அறுவடை ஜூலை 15க்குள் முடிய வேண்டும், அவ்வாண்டு முதல் குளிர்காலத்திலும் கோடையிலும் அங்கே பயிர்செய்ய அனுமதியில்லை, மேய்ச்சலுக்கும் தடை. அப்பகுதிக்குள் காணப்படும் மனிதரையும் விலங்கையும் கொல்லும்படி படைகளுக்கு உத்தரவிடும் வாசகமும் அதே தாளில் இருக்கிறது.

அந்தக் கெடு கவனத்துக்குரியது. எதிரியைப் பட்டினி போடுவது மட்டுமே நோக்கமென்றால், ஜூன் தொடக்கத்தில் வயலில் நிற்கும் கதிரைக் கொளுத்துவதே எளிய வழி. ஆணையோ விளைந்ததை எடுத்துக்கொள்ள அவகாசம் தந்து, அடுத்த விதைப்பைத் தடுக்கிறது. ஒரு தேதியின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனாலும் வேளாண் பருவங்களை எண்ணிப் பார்த்த ஒருவர் எழுதிய வரி இது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் குறிவைத்தது ஒரு பருவத்தின் விளைச்சலையல்ல, விளைவிக்கும் ஊரை.

தஹோக் மாகாணத்துக் கொரேமே இதற்கு நல்ல சோதனைக்களம். ஈரானுடன் போர்நிறுத்தம் 1988 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. குர்தியப் பகுதிகள் மீது ஈராக் அரசு நடத்திய அன்ஃபால் படையெடுப்புகளில் இறுதியானது தொடங்கியது 25 அன்று. துருக்கி எல்லையை நோக்கி ஓடி, வழி அடைபட்டுத் திரும்பிய கொரேமே மக்கள் 28 அன்று சரணடைந்தார்கள். அவர்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆண்களிலும் சிறுவர்களிலும் 27 பேர் ஊரருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1992இல் தடயவியல் குழு புதைகுழிகளைத் தோண்டி இதை உறுதிப்படுத்தியது. சுடுவதற்கு முன் அதிகாரி கம்பியில்லாக் கருவியில் பேசினார் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். ஆகவே இக்கொலையை அன்றைய கட்டளையின் விளைவாகப் பார்ப்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. 4008இன் ஐந்தாம் பிரிவு நேரடியாக இங்கே செயல்பட்டது என்று நான் வாதிடவில்லை.

ஆனால் எஞ்சியோருக்கு நேர்ந்தது என்ன? வீடுகள் இடிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் தஹோக் கோட்டை வழியாக எர்பிலுக்கு அருகிலுள்ள பஹார்காவுக்குக் கொண்டுபோய் விடப்பட்டனர். செப்டம்பர் 6 அன்று பொதுமன்னிப்பு வந்த பிறகும் ஊர் திரும்ப அனுமதி இல்லை. போர் ஓய்ந்திருந்தது, ஆயுதம் ஏந்தக்கூடிய ஆண்கள் இல்லை, மன்னிப்பும் அறிவிக்கப்பட்டாயிற்று. தடை மட்டும் நீடித்தது. மறைவிட வாசிப்பால் இதை விளக்க முடியாது. 28/3650 விளக்குகிறது.

எல்லாக் கிளர்ச்சி ஒடுக்கலிலும் உணவு வழி அடைக்கப்படுவது வழக்கம்தானே என்பர். கிளர்ச்சி முடிந்த பின்னும் மூதாட்டிகளுக்கு உழவைத் தடுப்பது எந்த வழக்கம்?

வேளாண் நோக்கத்தை முன்னிறுத்தினால் இனப்படுகொலைக் குற்றச்சாட்டு நீர்த்துப்போகும் என்ற கவலை இதைவிடக் கனமானது. எனினும் 1948ஆம் ஆண்டு இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு கொலையை மட்டும் சொல்லவில்லை. ஒரு குழுவை அழிக்கும் கணக்கோடு வாழ்நிலைகளைச் சுமத்துவதையும் தனியாகவே குறிப்பிடுகிறது. 2007 ஜூனில் ஈராக் தீர்ப்பாயம் அல்-மஜீதை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. விதைப்புக்கும் மேய்ச்சலுக்கும் விதித்த தடையை ஐந்தாம் பிரிவின் பின்னிணைப்பாக அல்லாமல் அக்குற்றத்தின் தனி ஆதாரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.