சந்தேகத்துக்குரிய ஈனிகள்

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த நம்மவர்களுக்குக் கூய் தராசு நினைவிருக்கும். கண்ணாடிக் குழாயில் பொடியை நிரப்பி, காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, எடை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம். அதிலிருந்து உலோக அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் எத்தனை என்று கணக்குப் போடுவோம். விடை ஒத்துவராவிட்டால், "பொடியைச் சரியா நிரப்பலைப்பா, மறுபடி நிரப்பு" என்பார்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் எப்போதும் அல்ல.

அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. காந்தத் தன்மை முழுதும் உலோகத்துடையது. அதைச் சூழ்ந்திருக்கும் ஈனி, அதாவது லிகண்ட், எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும் என்பதே அது. 1966-இல் டென்மார்க் நாட்டு வேதியியலார் யோர்கென்சன் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைத் தெளிவாகச் சொல்ல இடம் கொடுக்கும் ஈனிகள் குற்றமற்றவை. மற்றவை சந்தேகத்துக்குரியவை என்றார். இந்த இரண்டாம் வகை ஈனி ஓர் எலக்ட்ரானைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனி உறுப்பாக, அதாவது ராடிக்கலாக, மாறிவிடக்கூடும்.

சந்தேகப் பேர்வழிதான் பின்னாளில் கதாநாயகன் ஆனான். சாதாரண ஈனி இரண்டு உலோகங்களுக்கு நடுவே நின்றால், ஒன்றின் காந்தச் சேதி மற்றதற்குப் பலவீனமாகத்தான் போய்ச் சேரும். நடுவில் நிற்பவரிடமே தனி எலக்ட்ரான் இருந்தால், அது இருபுறமும் உள்ள உலோகங்களை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் பிடிக்கும். அப்படியானால் காந்தம் அழிந்துபோகாதா? இரு பக்கமும் சமமாக இருந்தால்தான் அழியும்.

1991-இல் அமெரிக்காவில் ஜோயல் மில்லரும் ஆர்தர் எப்ஸ்டீனும் தம் குழுவினருடன் வனேடியத்தையும் டெட்ராசயனோஎத்திலீனையும் சேர்த்துக் கருநிறப் பொடி ஒன்றைச் செய்தனர். வனேடியத்தில் மூன்று தனி எலக்ட்ரான்கள். எதிரே இரண்டு ராடிக்கல்களில் இரண்டு. மூன்றில் இரண்டு போக மிச்சம் ஒன்று. அந்த மிச்சம் அறை வெப்பநிலையிலேயே காந்தமாயிற்று! இதே ராடிக்கலை வைத்து 1980-களில் அவர்கள் செய்த காந்தம் 4.8 கெல்வினுக்குக் கீழேதான் வேலை செய்தது. புதியதற்கும் ஒரு குறை உண்டு. காற்றுப் பட்டால் கெட்டுவிடும்.

2020-இல் பிரான்சின் போர்டோ நகரில் ரொடால்ஃப் கிளெராக் குழுவினர் குரோமியமும் பைரசினும் சேர்ந்த வலைப்பின்னலுக்கு லித்தியச் சேர்மத்தின் மூலம் எலக்ட்ரான் ஊட்டினர். பைரசின் ராடிக்கல் ஆயிற்று. குரோமியத்தின் நான்கில் இரண்டு போக மிச்சம் இரண்டு. இந்தக் காந்தம் 242 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தராசு காட்டும் எண் புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் அழித்துவிடாதீர்கள். முதலில் பொடியை மறுபடி நிரப்பிப் பாருங்கள். மூன்று தரம் நிரப்பியும் அதே எண் வந்தால், நோட்டில் அப்படியே எழுதிவையுங்கள். பிறகு, பக்கத்தில் நிற்கும் ஈனியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.