மதுரைச் சிற்பங்களில் மகரமும் யாளியும்

மகரம் என்பது யானையின் துதிக்கை, முதலையின் அல்லது சிங்கத்தின் வாய், மீனின் உடல் எனப் பல உயிரினங்களின் உறுப்புகளைச் சேர்த்துப் படைக்கப்பட்ட கற்பனை நீர்வாழ் விலங்கு ஆகும். யாளி என்பது சிங்க உடலை அடிப்படையாகக் கொண்ட கற்பனை நில விலங்கு. இவ்விரண்டும் தமிழகக் கோயில் சிற்பங்களில் நெருங்கிய தொடர்பு உடையவை. சில இடங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து மகர யாளி என்னும் வடிவமும் தோன்றியுள்ளது. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே அமைந்த மதுரையில் கடல் விலங்கு ஒன்று கோயில் கலையில் நிலையான இடம் பெற்றது எவ்வாறு என்பதை அந்நகரின் வணிக வரலாறும் புராணக் கதைகளும் விளக்குகின்றன.

பெயரும் பொருளும்

மகரம் என்பது வடசொல். தமிழ் நூல்களில் இது பெரும்பாலும் சுறா மீனைக் குறிக்கும். மன்மதனின் கொடியில் மகரம் இருப்பதாக வடநூல்கள் கூறுகின்றன. தமிழ் நூல்கள் அதனையே சுறவுக் கொடி என்கின்றன. கங்கைக்கும் வருணனுக்கும் மகரமே ஊர்தி. பன்னிரண்டு இராசிகளுள் ஒன்றுக்கும் இதுவே பெயர். கதிரவன் மகர இராசியில் நுழையும் நாளே தைப்பொங்கல் நாளாகும்.

இப்பெயர் அணிகலன்களிலும் இசைக்கருவிகளிலும் வழங்கியது. மகர மீன் வடிவில் செய்த காதணி மகரக்குழை எனப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் தென்திருப்பேரையில் கோயில் கொண்டுள்ள திருமாலுக்கு மகரநெடுங்குழைக்காதர் என்பது பெயர். பழந்தமிழர் இசைத்த யாழ் வகைகளுள் ஒன்று மகரயாழ்.

யாளி என்னும் பெயர் சங்க இலக்கியத்தில் ஆளி என வருகிறது. மகரம் வடக்கிலிருந்து வந்த பெயர் என்றால், ஆளி சங்க காலத்திலேயே தமிழில் வேரூன்றிய பெயர் எனலாம்.

இலக்கியத்தில்

குறிஞ்சிப்பாட்டு மலைவழியில் அஞ்சத்தக்க விலங்குகளைப் பட்டியலிடும்போது புலி, கரடி ஆகியவற்றுடன் ஆளியையும் சேர்க்கிறது. நற்றிணையின் 205ஆம் பாடல், புலியைக் கொன்ற வலிய களிற்றையே ஆளி இழுத்துச் செல்வதாகக் காட்டுகிறது. காட்டின் வலிமை மிக்க விலங்கு யானை. அதனை வெல்லும் விலங்கு எதுவோ அதுவே ஆளி என்பது புலவர்களின் கருத்து. யானையின் மீது கால் பதித்து நிற்கும் யாளியைப் பிற்காலச் சிற்பிகள் தூண்களில் செதுக்கியது இக்கருத்தின் தொடர்ச்சியே.

கடல் விலங்கைப் பற்றிய அச்சமும் வழிபாடும் பட்டினப்பாலையில் காணப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதாக அந்நூல் கூறுகிறது. வாள் போல் நீண்ட மூக்குடைய சுறா வகையின் மூக்கெலும்பே இங்குக் கொம்பு எனப்படுகிறது. நீருக்குள் இருக்கும் பெரு விலங்கின் முழு உருவத்தையும் கரையில் இருப்போர் காண்பது அரிது. ஒரு கொம்போ வாலோ முதுகோ மட்டுமே கண்ணில் படும். மீதியைக் கற்பனை நிரப்பும். மகரம் போன்ற உருவங்கள் தோன்ற இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மதுரையும் கடலும்

மதுரை உள்நாட்டு நகரம். ஆயினும் அதன் செல்வத்தில் பெரும்பகுதி கடலிலிருந்து வந்தது. தாமிரபரணிக் கரையில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். வைகை கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களிலிருந்து அகழாய்வுகள் நடத்தியுள்ளது. உரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பொருள்களும் கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் அங்குக் கிடைத்தன. மதுரையைத் தொட்டு ஓடும் ஆறு முடியும் இடத்தில் கப்பல்கள் நின்றன என்பதற்கு இவை சான்றுகள். பாண்டியரின் கொடியிலும் காசுகளிலும் மீன் இடம்பெற்றது. பாண்டியனுக்கு மீனவன் என்றொரு பெயரும் உண்டு. நகரின் அம்மனுக்கோ மீன் போன்ற கண்ணை உடையவள் என்னும் பொருளில் மீனாட்சி என்று பெயர்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று படலங்கள் மதுரையைக் கடலோடு நேரடியாக இணைக்கின்றன.

ஒன்பதாவது, ஏழுகடல் அழைத்த படலம். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட விரும்புகிறாள். சிவபெருமான் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைக்கிறார். இக்கதையின் நினைவாகக் கோயிலின் கிழக்கே, புது மண்டபத்தை அடுத்துள்ள தெரு இன்றும் எழுகடல் தெரு என்றே வழங்குகிறது.

பதின்மூன்றாவது, கடல் சுவற வேல்விட்ட படலம். மதுரையை அழிக்கப் பொங்கி வந்த கடலை உக்கிரபாண்டியன் வேலெறிந்து வற்றச் செய்கிறான். முதல் கதையில் விருந்தாக வந்த கடல் இதில் பகையாக வருகிறது.

ஐம்பத்தேழாவது, வலை வீசின படலம். வேதப் பொருளைக் கேட்பதில் கவனம் சிதறியதால் உமையம்மை பரதவர் குலத்தில் பிறக்க நேர்கிறது. நந்தி பெரும் சுறாவாகிக் கடலைக் கலக்குகிறார். அச்சுறாவைப் பிடிப்பவருக்கே மகளை மணம் செய்து தருவதாகப் பரதவர் தலைவன் அறிவிக்கிறான். இறைவன் வலைஞராக வந்து சுறாவைப் பிடித்து அம்மையை மணக்கிறார். இந்தத் திருவிளையாடல் தைத் தெப்பத் திருவிழாக் காலத்தில் மதுரையில் நடத்திக் காட்டப்படுகிறது. சிவன் கோயில் வாயிலில் காளையாக அமர்ந்திருக்கும் நந்தியைக் கடல் விலங்காகவும் மதுரை மக்கள் அறிந்திருந்தனர் என்பது இதனால் புலப்படும்.

மதுரைப் பகுதிக் கோயில்களில்

மதுரையை அடுத்த ஆனைமலையில் பாண்டியர் காலத்து நரசிம்மர் குடைவரை உள்ளது. இதன் கல்வெட்டு பொ.ஊ. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யானை படுத்திருப்பது போன்ற தோற்றமுடைய மலையில், மனித உடலும் சிங்க முகமும் உடைய தெய்வத்துக்குக் கோயில் அமைந்துள்ளது. இரு வேறு உயிர்களை ஓர் உருவமாக இணைக்கும் மரபு இப்பகுதியில் எவ்வளவு பழமையானது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக எழுந்து நிற்கும் யாளிகள் விசயநகர, நாயக்கர் காலங்களில் பெருகின. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. இதனை அரியநாத முதலியார் கட்டியதாகக் கூறுவர். அட்டசக்தி மண்டபத்தை அடுத்த மீனாட்சி நாயக்கர் மண்டபத்தின் 110 தூண்களிலும் யாளி உருவங்கள் அணிவகுத்து நிற்கின்றன. திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) வசந்த விழாவுக்காகக் கட்டிய புது மண்டபத்தின் முகப்பில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் காணலாம்.

தலையின் அமைப்பைக் கொண்டு யாளிகளைச் சிம்ம யாளி, யானை யாளி, குதிரை யாளி, மகர யாளி எனப் பிரிப்பர். உடல் பெரும்பாலும் சிங்கத்தினுடையதாகவே இருக்கும். பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, கோரைப்பல், உயர்த்திய முன்னங்கால்கள் ஆகியவை பொதுவான அடையாளங்கள். தூணும் யாளியும் ஒரே கல்லில் செதுக்கப்படுகின்றன. தமிழகத்தில் சில யாளிகளின் வாயில் உருளும் கல்லுருண்டை ஒன்றைக் காணலாம். அது வெளியிலிருந்து உள்ளே வைக்கப்பட்டது அன்று. பற்களின் இடைவெளி வழியாக உளியைச் செலுத்தி, வாய்க்குள் இருக்கும் கல்லையே சிறிது சிறிதாகக் குடைந்து உருண்டையாக விடுவிப்பர். ஓர் அடி தவறினாலும் பல்லோ உருண்டையோ உடைந்து, முழுத் தூணும் வீணாகிவிடும்.

யாளி எளிதில் கண்ணில் படும். மகரத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கருவறைச் சுவர்களின் கோட்டங்களுக்கு மேலே உள்ள வளைவு மகரதோரணம் எனப்படும். அதன் இரு முனைகளிலும் வாய் பிளந்த மகரங்கள் இருக்கும். அவற்றின் வாயிலிருந்து கொடியும் பூவேலையும் புறப்பட்டு மேலே வளைந்து கூடும். உற்சவத் திருமேனிகளைச் சூழ்ந்திருக்கும் திருவாசியின் அமைப்பும் இதுவே. கீழே இருபுறமும் மகரம், உச்சியில் சிம்ம முகம். கடல் விலங்கு தாங்க, சிங்கம் முடிசூட்ட, நடுவில் தெய்வம் எழுந்தருளுகிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் சுவாமியை வணங்கும் கூட்டத்தினர் ஒவ்வொருவரும் மகரத்தைப் பார்த்திருப்பர். அதன் பெயரை அறிந்தவர் சிலரே.

பிற இடங்களில்

மகரத்தின் மிகப் பழைய சிற்பங்களுள் ஒன்று பீகாரில் பராபர் மலையிலுள்ள லோமச ரிஷி குகையின் வாயில் வளைவில் உள்ளது. அது பொ.ஊ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய பழந்தலைநகர்களின் படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் பௌத்த விகாரைகளின் தோரணங்களிலும் மகரம் இடம்பெறுகிறது. யானையின் துதிக்கை, சிங்கத்தின் கால், பன்றியின் காது, மீனின் உடல் என அதன் உறுப்புகளை வரிசையாகக் கூறும் மரபு சிங்களக் கலைஞரிடம் இருந்ததை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். சாவகத்தின் போரோபுதூரிலும் மகரச் சிற்பங்கள் உள்ளன. கடல் வணிகம் சென்ற வழியெல்லாம் இந்த விலங்கும் சென்றுள்ளது.

கடல் பசு: கற்பனைக்கு அருகில் உள்ள உயிர்

கடற்சிங்கம், கடல்நாய் போன்ற விலங்குகள் தமிழகக் கடலில் இல்லை. ஆனால் மதுரைக்கு மிக அருகில் உள்ள கடற்பகுதிகளான பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் பசு வாழ்கிறது. மீனவர் இதனை ஆவுளியா என்றும் அழைப்பர். இது ஏறத்தாழ 3 மீட்டர் வரை வளரும் பாலூட்டி. கடற்புல்லை மட்டுமே பெரிதும் உண்டு வாழ்கிறது. கீழ்நோக்கித் தொங்கும் தடித்த மூக்கும், துடுப்பு போன்ற முன்கால்களும், பிளவுபட்ட மீன்வாலும் உடையது. வளர்ந்த ஆண் கடல் பசுவுக்குச் சிறு தந்தங்களும் உண்டு. உயிரியல் வகைப்பாட்டில் இதற்கு நெருங்கிய உறவு திமிங்கிலமோ கடல்நாயோ அன்று, யானையே ஆகும். யானை முகமும் மீன் வாலும் உடைய மகரத்தை இந்த விலங்கைக் கண்டுதான் படைத்தனர் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் கற்பனையில் யானையையும் மீனையும் சேர்த்த மக்களின் கடலிலேயே யானையின் உறவான நீர்விலங்கு இருப்பது வியப்புக்குரியது.

நிகழ்பட ஆட்டங்களில்

கற்பனை விலங்குகளைப் படைக்கும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. 1996இல் ஜப்பானில் வெளியான போக்கிமான் என்னும் நிகழ்பட ஆட்டத்தில் 151 கற்பனை உயிர்கள் இருந்தன. ஆடுபவர் அவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். இதனை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டிருந்தவர். இவ்வுயிர்களுள் சீல் என்பது கடற்சிங்க வகை. வெண்ணிற உடலும் நெற்றியில் சிறு கொம்பும் உடையது. இது வளர்ந்து டியூகாங் என்னும் உயிராக மாறும். இந்த இரண்டாவது உயிரின் ஜப்பானியப் பெயர் ஜுகோன். அம்மொழியில் கடல் பசுவுக்கு வழங்கும் பெயரும் அதுவே. எங்கோ பனிக்கடலில் வாழ்வதாகக் காட்டப்படும் விளையாட்டு விலங்கின் பெயர், தொண்டிக் கடலில் மேயும் உயிரின் பெயராக இருக்கிறது.

உறுப்புகளைக் கலந்து புது உயிரைப் படைத்தல், வகை பிரித்துப் பெயரிடுதல், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றலை அளித்தல் ஆகியவை கோயில் சிற்பிகளுக்கும் ஆட்டம் படைப்போருக்கும் பொதுவானவை. ஆட்டத்தின் உயிர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் சிறுவர்கள் யாளி வகைகளையும் அவ்வாறே கற்றுக்கொள்ள முடியும்.

இன்றைய நிலை

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து ஏற்பட்டது. நூற்றாண்டுகளைக் கடந்த கருங்கல் தூண்களும் கூரையும் வெப்பத்தில் வெடித்துச் சிதைந்தன. கல்லில் செதுக்கியது அழியாது என்னும் எண்ணம் தவறானது என்பதை இது உணர்த்தியது. புது மண்டபத்தில் நெடுங்காலமாக இயங்கிய தையல், பாத்திர, புத்தகக் கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. துணிகளுக்கும் பலகைகளுக்கும் பின்னால் மறைந்திருந்த தூண்கள் இதனால் வெளிப்பட்டன.

கடல் பசுவின் நிலை இதைவிடக் கடினமானது. கடற்புல் படுகைகள் அழிவதாலும், வலைகளில் சிக்கி மூச்சுத் திணறுவதாலும், படகுகள் மோதுவதாலும் இவை இறக்கின்றன. மூச்சு விட நீருக்கு மேலே வர வேண்டிய விலங்கு என்பதால் வலையில் சிக்கினால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். இந்தியக் கடற்பகுதியில் சில நூறு மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது உள்ளது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. வலையில் சிக்கிய கடல் பசுக்களை, வலையை அறுத்து உயிருடன் கடலில் விடும் மீனவர்களுக்கு அரசு பரிசும் வழங்கி வருகிறது.

சிதைந்த தூணுக்குப் பதிலாகப் புதிய கல்லைக் கொண்டு மற்றொரு யாளியைச் செதுக்க இயலும். அந்தக் கலையை அறிந்த சிற்பிகள் இன்றும் உள்ளனர். அழிந்துபோன உயிரினத்தை அவ்வாறு மீண்டும் படைக்க எவராலும் இயலாது.