மடத்தில் முதுமை: முதிய துறவிக் குருவின் அன்றாட வாழ்வு

கத்தோலிக்கத் திருச்சபையில் துறவியாகவும் குருவாகவும் ஒருங்கே வாழ்பவரின் முதுமை, பங்குக்குருவின் முதுமையைப் போன்றதன்று. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 75 வயது நிறைந்த பங்குக்குருவை ஆயரிடம் பணிவிலகல் கடிதம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறது. மடத்துத் துறவிக்கு அத்தகைய வயது எதுவும் குறிக்கப்படவில்லை. மடாதிபதிப் பொறுப்பிலிருந்து அவர் விலகலாம், பண்டகசாலைச் சாவியை இளையவரிடம் ஒப்படைக்கலாம். துறவி என்ற நிலையிலிருந்து ஓய்வு பெறுவது என்ற பேச்சே இல்லை. சாகும்வரை விடாத கடமை என்று இதைக் கடிந்துகொள்வோர் உண்டு. ஆனால் அவருடைய ஒரு நாளைக் கூர்ந்து பார்த்தால், இதுவே அவருக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு என்று தெரியும். முதுமை பறித்துக்கொள்ள இயலாத ஒன்றையே மடம் அவருடைய முதற்கடமையாக வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1848-இல் தொடங்கப்பட்ட கெத்சமனி மடத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் தாமஸ் மெர்ட்டன் வாழ்ந்த டிராப்பிஸ்ட் மடம் அது. அங்கே நெடுங்காலமாக இருந்துவரும் கால அட்டவணைப்படி அதிகாலை 3.15-க்குத் திருவிழிப்பு, 5.45-க்குக் காலைப்புகழ், தொடர்ந்து திருப்பலி. பகலில் மூன்று சிறு செபவேளைகள், மாலை 5.30-க்கு மாலைப்புகழ், 7.30-க்கு இரவுச் செபம். அதன்பின் மறுநாள் காலைவரை மௌனம். செபவேளைகளுக்கு இடையில் வேலை: பழக்கேக்கும் பாலாடைக்கட்டியும் செய்து விற்றுத்தான் அந்த மடம் பிழைக்கிறது. வயது ஏறும்போது துறவியின் நாளில் சுருங்குவது இந்த வேலைப் பகுதி மட்டுமே. அந்த நேரத்தை மறைநூல் வாசிப்பும், விருந்தினருக்கு ஆலோசனை சொல்வதும் எடுத்துக்கொள்கின்றன. குருவாக இருப்பதால் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் உண்டு. அதற்குக் கால்வலு வேண்டியதில்லை; பொறுமையான காது போதும். வேலையே வாழ்வின் நடுவில் நிற்கும் இடத்தில், வேலை போனதும் மனிதர் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார். மடத்தின் நடுவில் நிற்பது செபம். அதில் 30 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும் ஒரே வரியைத்தான் பாடுகிறார்கள்.

இது தற்செயலாக அமைந்த நன்மையன்று. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய, டிராப்பிஸ்ட் துறவியரும் பின்பற்றும் 73 அதிகார ஒழுங்குநூல், 37-ஆம் அதிகாரத்தை முதியோருக்கும் சிறாருக்கும் ஒதுக்குகிறது. இவ்விரு பருவத்தார் மீதும் இரக்கம் இயல்பாகவே பிறக்கும், என்றாலும் அதைச் சட்டமும் உறுதிசெய்ய வேண்டும் என்பதே அதன் கருத்து. உணவு விதிகள் அவர்களுக்குத் தளர்த்தப்படுகின்றன, குறித்த நேரத்துக்கு முன்பே அவர்கள் உண்ணலாம். தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பி முதியவரை விட்டுவிடாத இந்த எச்சரிக்கை வியக்கத்தக்கது. 66-ஆம் அதிகாரமோ, மடத்து வாயிலில் அறிவுள்ள முதியவர் ஒருவரையே அமர்த்தச் சொல்கிறது. வந்தவரிடம் பேசத் தெரிந்தவர், அலைந்து திரியும் வயதைக் கடந்தவர் என்பதே அவருக்குரிய தகுதி. இங்கே முதுமை ஒரு வேலைக்கான தகுதியாகவே ஆகிவிடுகிறது. இடைக்காலத் தச்சரும் இதே எண்ணத்தை மரத்தில் செய்து காட்டினர். பாடகர்குழுவின் மடக்கு இருக்கைக்கு அடியில் சிறிய திண்டு ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். இருக்கையை மேலே மடக்கிவிட்டால், நீண்ட செபத்தில் நிற்க முடியாத முதியவர் அந்தத் திண்டில் சாய்ந்தபடி, நிற்பவரைப் போலவே நிற்கலாம். இன்றைய சட்டமும் அவ்வழியே செல்கிறது: நிற்க இயலாத முதிய குரு உட்கார்ந்தபடி திருப்பலி நிறைவேற்றலாம், பார்வை இழந்த குரு, ஏற்பு பெற்ற திருப்பலிப் பாடங்களில் எதையும் பயன்படுத்தலாம், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு குருப்பட்டம் பெற்ற தலைமுறை, தன் நடுவயதில் பெரும் மாற்றத்தைச் சந்தித்தது. அதுவரை குருத்துறவியர் ஒவ்வொருவரும் பக்கப் பீடங்களில் தனித்தனியே இலத்தீனில் திருப்பலி நிறைவேற்றினர். 1960-களில், குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றும் கூட்டுத்திருப்பலியும் தாய்மொழியும் வந்தன. தனியே பீடத்தில் நிற்க இயலாத முதியவருக்கு இது பேருதவி, ஏனெனில் கூட்டுத்திருப்பலியில் மற்றவர்களின் குரல் அவரைத் தாங்கிக்கொள்கிறது.

இவையெல்லாம் ஏட்டளவில் சரி, பலன் உண்டா என்று கேட்கலாம். ஜெர்மானிய மக்கள்தொகை ஆய்வாளர் மார்க் லூய், பவேரிய மடங்களைச் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்ட துறவியரின் வாழ்நாளை ஆராய்ந்தார். பொதுமக்களில் பெண்கள் ஆண்களைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ, மடங்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ 1 ஆண்டாகச் சுருங்கியிருந்தது. ஆண் துறவியர் பொதுவான ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததே இதற்குக் காரணம். உடல்நலம் உள்ளவரைத்தானே மடம் சேர்த்துக்கொள்கிறது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் அதே வடிகட்டல் கன்னியர் மடங்களிலும் இருந்தது. அங்கே ஆதாயம் ஆண்களுக்குக் கிடைத்த அளவு இல்லை. ஆகவே ஒழுங்கான அன்றாட வாழ்வுக்கும் இதில் பங்கு உண்டு என்று கொள்வதே பொருத்தம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இளையோர் இருந்தால்தானே முதியோரைத் தாங்க முடியும்? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1947-இல் தொடங்கிய ஹன்ட்ஸ்வில் மடம் புதியவர்கள் வராமல் 2017-இல் மூடப்பட்டது. எஞ்சிய முதியவர்கள் சால்ட் லேக் சிட்டியில் முதியோர் இல்லத்துக்கு மாறினார்கள். ஒரே இடத்தில் வாழ்ந்து மடிவதாக வாக்களித்தவர்களுக்கு இது பேரிழப்பு, அதைக் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் இங்கே தோற்றது ஆள் எண்ணிக்கையே தவிர, அந்த வாழ்வின் அமைப்பன்று. அவர்கள் விட்டுவந்தவை கட்டடமும் நிலமும். திருப்பாடல்களை எந்த அறையிலும் சொல்லலாம். மறதிநோய் வந்தவருக்குச் செபம் எப்படிக் கடமையாகும் என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. பெயர்களும் முகங்களும் மறந்த பிறகும், பாடிப் பழகிய வரிகள் நெடுநாள் நிலைப்பது அந்நோயாளிகளிடம் பலமுறை காணப்பட்டதே. 50 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பாடியவருக்கு அந்த வரிகளே கடைசித் துணை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரைச் சாந்திவன ஆசிரமத்தில் 1968 முதல் வாழ்ந்த ஆங்கிலேயத் துறவிக் குரு பீட் கிரிஃபித்ஸ், 1990-இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 83. தேறியபின் வெளிநாடுகளுக்கும் சென்று வந்தார் என்பதால், அவரை அடைபட்ட துறவியின் மாதிரியாகக் கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பியது ஆசிரமத்தின் செபவேளைகளுக்கும் தம் குடிசைக்குமே. 1993 மே 13 அன்று அங்கேயே காலமானார்.

நம் ஊரில் முதியோர் இல்லம் நடத்துவோரும் முதியோர் நலத்திட்டம் வகுப்போரும் பெனடிக்டின் 37-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். மிகச் சிறிய அதிகாரம்தான். முதியவருக்குச் சலுகை கொடுத்தபின் அவரைத் தனியே ஒதுக்கிவைக்கச் சொல்லும் ஒரு வரிகூட அதில் கிடையாது.