எக்ஸ்காம்: எனிமி அன்நோன் – முதல் விமர்சனங்களும் ரசிகர் எதிர்வினையும்

வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பை முறியடிக்கும் உத்தி வகைக் கணினி விளையாட்டு. ஜூலியன் கோலப் 1994இல் வடிவமைத்த மூலத்தின் மறுஆக்கம். ஜேக் சாலமன் தலைமையில் பிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கி, 2012 அக்டோபரில் வெளிவந்தது.

முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் பாராட்டியும் பழைய ரசிகர் பலருக்கு ஐயம் தீரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 2010இல் இதே பெயர் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு ஒன்றுக்குச் சூட்டப்பட்டதில் அவர்கள் ஏற்கெனவே மனம் நொந்திருந்தனர். புதிய ஆக்கத்திலோ வீரரின் ஒவ்வொரு செயலுக்கும் செலவாகும் நேர அலகுகள் நீக்கப்பட்டன. படைக்குழு ஆறு பேருக்குள் சுருங்கியது. இந்த ஐயம் வெறும் பழமை ஏக்கமே என்பது எதிர்வாதம். அதில் ஓரளவு உண்மையுண்டு. எளிமையான விதிகளே புதியவர்களை ஈர்த்தன. ஆனால் குழுவைப் பெருக்கி, போரை நீட்டித்த ‘லாங் வார்’ என்னும் ரசிகர் திருத்தம் பெற்ற வரவேற்பு, அந்தக் குறை கற்பனையன்று எனக் காட்டுகிறது. அத்திருத்தத்தை ஆக்கியோரையே, 2016இல் வந்த தொடர்ச்சியான எக்ஸ்காம் 2இன் வெளியீட்டு நாளுக்கான திருத்தங்களைச் செய்ய பிராக்சிஸ் அழைத்தது. முதல் விமர்சனங்களின் வரம்பு இங்கே தெரிகிறது. இலங்கையின் ஊவாத் தேயிலையை ஏலத்துக்கு முன் தரகர் ஒரு மிடறில் மதிப்பிடலாம். பல மாதம் ஆடப்படும் விளையாட்டைச் சில நாளில் அப்படி அளக்க இயலாது.